ஃபீல்டுபஸ் கப்ளர் உள்ளீட்டையும் வெளியீட்டையும் எப்படிப் பரிமாறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிமோட் ஐஓ பேனல் முன்னால் நின்று, "சென்சாரில் விளக்கு எரிகிறது, பிஎல்சியில் பிட் வரவில்லையே" என்று குழம்பியிருக்கும் டெக்னீஷியன்களுக்காகவும், டிப்ளமோ முடித்துவிட்டு கமிஷனிங் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். பிஎல்சி என்பது இயந்திரத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி. ஃபீல்டுபஸ், சுருக்கமாகப் பஸ், என்பது அதையும் தள்ளி இருக்கும் ஐஓவையும், அதாவது உள்ளீடு வெளியீட்டுச் சாதனங்களையும், இணைக்கும் தரவு வழி. கேள்விகள் மாட்பஸ், புரொஃபிபஸ், புரொஃபினெட், கேன்ஓப்பன், ஈதர்காட் என வெவ்வேறு பஸ்களைப் பற்றியவை. ஆனால் முக்கால்வாசிக் குழப்பத்துக்கு வேர் ஒன்றுதான்: கப்ளருக்குள் இருக்கும் தரவு அட்டவணையை மனக்கண்ணில் பார்க்காமலே வேலையைத் தொடங்கிவிடுவது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கப்ளர் என்றால் என்ன? அது ஒரு சின்ன பிஎல்சியா?

இல்லை. கப்ளர் எந்த முடிவும் எடுக்காது. அதன் ஒரு பக்கம் ஃபீல்டுபஸ் கேபிள் வருகிறது. மறுபக்கம் டின் ரயில் என்ற உலோகப் பட்டையில் ஐஓ மாட்யூல்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் பேச்சு வேறு, வேகம் வேறு. நடுவில் இருந்துகொண்டு கப்ளர் இரண்டு அட்டவணைகளைப் பராமரிக்கிறது: உள்ளீட்டுக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று. இவற்றுக்குத்தான் பிராசஸ் இமேஜ் என்று பெயர்.

மாட்யூல்கள் பக்கம் கப்ளர் ஓயாமல் சுற்றி வந்துகொண்டே இருக்கும். சென்சார் நிலைகளை எடுத்து உள்ளீட்டு அட்டவணையில் எழுதும். வெளியீட்டு அட்டவணையில் இருப்பதை மாட்யூல்களிடம் கொடுக்கும். ஃபீல்டுபஸ் பக்கம் மாஸ்டர் (பெரும்பாலும் பிஎல்சி) வரும்போது உள்ளீட்டு அட்டவணையின் நகலைக் கொடுத்துவிட்டு, புதிய வெளியீடுகளை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆக, பிஎல்சி திரையில் நீங்கள் பார்க்கும் பிட், கம்பியில் இருக்கும் 24 வோல்ட்டின் நகலுக்கு நகல். அது எந்த பைட்டில் உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு பழையது, நம்பலாமா என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டே வேலை செய்தால் பாதிப் பிரச்சினை வராது.

வேகோ நிறுவனத்தின் 750 வரிசையும் பெக்காஃபின் பஸ் டெர்மினல்களும் 1995ல் வந்தன. கப்ளரை மட்டும் மாற்றினால் அதே மாட்யூல்கள் வேறொரு பஸ்ஸோடு பேசும் என்ற ஏற்பாடு அவற்றால்தான் பரவலானது. அதே உருவத்தில் புரோகிராம் எழுதக்கூடிய கன்ட்ரோலர்களும் கிடைக்கின்றன. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அதனால் வாங்கும்போது மாடல் எண்ணைச் சரிபாருங்கள்.

மாட்யூல்கள் எந்தப் பைட்டில் வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பேனலில் ஒரு மாட்பஸ் டிசிபி கப்ளர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகோ 750-352 மாதிரியான ஒன்று. அதன் பக்கத்தில் இடமிருந்து வலமாக: 4 சேனல் டிஜிட்டல் உள்ளீடு, 2 சேனல் அனலாக் உள்ளீடு, 8 சேனல் டிஜிட்டல் உள்ளீடு, 8 சேனல் டிஜிட்டல் வெளியீடு, 2 சேனல் அனலாக் வெளியீடு, 2 சேனல் டிஜிட்டல் உள்ளீடு, கடைசியில் வரிசையை முடித்துவைக்கும் எண்ட் மாட்யூல்.

கப்ளருக்கு மின்சாரம் வந்ததும் யார் யார் செருகியிருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டு, அட்டவணையைத் தானே கட்டிக்கொள்ளும். அது நிற்கும் வரிசையை அப்படியே எழுதாது. முதலில் அனலாக் மாதிரி பைட் கணக்கில் பேசும் மாட்யூல்கள், அவை நிற்கும் வரிசையில். அவையெல்லாம் முடிந்த பிறகுதான் டிஜிட்டல் பிட்டுகள், அவை நிற்கும் வரிசையில், இடைவெளி விடாமல்.

நம் உதாரணத்தில் உள்ளீட்டு அட்டவணையின் பைட் 0 முதல் 3 வரை இரண்டு அனலாக் சேனல்கள். பைட் 4ல் முதல் நான்கு பிட் 4 சேனல் மாட்யூலுக்கு. மிச்சமுள்ள நான்கு பிட்டில் 8 சேனல் மாட்யூலின் முதல் பாதி. அதன் மறுபாதி பைட் 5ல் போய் உட்காரும். அதற்கடுத்த இரண்டு பிட் 2 சேனல் மாட்யூலுக்கு. மொத்தம் 6 பைட், கடைசி இரண்டு பிட் காலி. வெளியீட்டுப் பக்கம் பைட் 0 முதல் 3 வரை அனலாக், பைட் 4ல் எட்டு டிஜிட்டல் வெளியீடுகள்.

ஒரே மாட்யூலின் எட்டு சேனல்கள் இரண்டு பைட்டுகளில் பிரிந்து கிடப்பதைப் பாருங்கள். பேனல் டிராயிங்கில் அந்த மாட்யூல் ஒரே கட்டமாகத்தான் இருக்கும். டிராயிங்கை மட்டும் பார்த்து முகவரி போட்டால் நான்கு சேனல் சரியாக வரும், நான்கு வராது. மாட்யூல் பழுது என்று கழற்றி மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

புதிய மாட்யூலைக் கடைசியில் செருகினால் பழைய முகவரிகள் மாறாது அல்லவா?

டிஜிட்டல் மாட்யூல் என்றால் மாறாது. அனலாக் என்றால் மாறும்.

மேலே சொன்ன வரிசையின் கடைசியில், எண்ட் மாட்யூலுக்கு முன்னால், இன்னொரு 2 சேனல் அனலாக் உள்ளீட்டைச் செருகுங்கள். அனலாக்குகளுக்கு முன்னுரிமை என்பதால் அது பைட் 4 முதல் 7 வரை எடுத்துக்கொள்ளும். டிஜிட்டல் உள்ளீடுகள் அத்தனையும் பைட் 8க்கும் 9க்கும் நகர்ந்துவிடும். லிமிட் சுவிட்ச் இருந்த இடத்தில் இப்போது ஒரு வெப்பநிலை எண்ணின் பிட்டுகள் ஆடிக்கொண்டிருக்கும்.

ஓர் ஆலையில் இரவு ஷிஃப்டில் இப்படி ஒரு மாட்யூல் சேர்த்தோம். கடைசியில்தானே சேர்க்கிறோம் என்று புரோகிராமைத் தொடவில்லை. மின்சாரம் கொடுத்ததும் தொட்டி நிறைந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய பிட், அனலாக் எண்ணின் ஒரு பிட்டாகி, மின்னி மின்னி அணைந்தது. பம்ப் விட்டுவிட்டு ஓடத் தொடங்கியது. நல்லவேளையாகப் பக்கத்தில் ஆள் நின்றார், உடனே நிறுத்தினார். அன்றிலிருந்து எந்த மாட்யூலைச் சேர்த்தாலும் அட்டவணையைத் தாளில் மறுபடி எழுதாமல் நான் மின்சாரம் கொடுப்பதில்லை.

பிற்காலத்தில் இடம் வேண்டும் என்று முன்பே தெரிந்தால், இப்போதே உதிரி அனலாக் மாட்யூலைச் செருகி வையுங்கள். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் முகவரிகள் நிலையாக இருக்கும்.

எல்லா கப்ளர்களும் இப்படித்தான் செய்கின்றனவா?

இல்லை. புரொஃபினெட்டில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு ஸ்லாட். பொறியியல் மென்பொருளில் ஸ்லாட்டுக்கு ஒரு முகவரி கொடுப்பீர்கள், பக்கத்து ஸ்லாட்டில் எது வந்தாலும் அது மாறாது. கேன்ஓப்பனில் டிஜிட்டலுக்குத் தனிச் செய்தி, அனலாக்குக்குத் தனிச் செய்தி. ஒரு செய்தியில் 8 பைட்டுக்கு மேல் போகாது.

ஈதர்காட் முற்றிலும் வேறு வகை. பெக்காஃபின் ஈகே1100 கப்ளர் அட்டவணை எதையும் கட்டுவதில்லை. ஈதர்நெட் கேபிளில் வரும் சிக்னலை உள்ளே இருக்கும் இ-பஸ்ஸுக்கு ஏற்றபடி மாற்றி விடுகிறது, அவ்வளவுதான். அதற்கடுத்து நிற்கும் ஒவ்வொரு டெர்மினலும் தனித்தனி ஈதர்காட் சாதனம். ஃபிரேம் (தரவுப் பொட்டலம்) கடந்து ஓடும்போதே தனக்கான பிட்டுகளை எடுத்துக்கொண்டு, தன் உள்ளீட்டை அதே ஃபிரேமில் வைத்துவிடும். பெக்காஃபின் பழைய பஸ் டெர்மினல்களை (அவற்றின் உள் பஸ்ஸுக்குப் பெயர் கே-பஸ்) ஈதர்காட்டில் சேர்க்க வேண்டுமென்றால் பிகே1120 மாதிரி கப்ளர் வேண்டும். அங்கே அட்டவணை திரும்பி வந்துவிடும்.

மாஸ்டர் நினைக்கும் வரிசையும் பேனலில் இருக்கும் வரிசையும் பொருந்தாவிட்டால் யாராவது சொல்வார்களா?

புரொஃபிபஸ் சொல்லும். மாட்பஸ் சொல்லாது.

புரொஃபிபஸ் டிபியில் தரவு ஓடத் தொடங்குவதற்கு முன் ஒரு சடங்கு நடக்கிறது. மாஸ்டர் முதலில் கப்ளரின் நிலையைக் கேட்கும். பிறகு பாராமீட்டர் அனுப்பும். அதில் சாதனத்தின் அடையாள எண், செய்தி நின்றுபோனதைக் கண்டுபிடிக்கும் வாட்ச்டாக்கின் நேரம் எல்லாம் இருக்கும். அப்புறம் "உன்னிடம் இன்னின்ன மாட்யூல்கள் இருக்க வேண்டும்" என்று ஒரு பட்டியல் போகும். கப்ளர் அதைத் தன் உண்மையான வரிசையோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் மறுத்துவிடும். சிவப்பு விளக்கு எரியும், தரவு ஓடாது. பலர் இதைப் பார்த்து எரிச்சல்படுகிறார்கள். தவறான தரவு ஓடுவதைவிட எதுவும் ஓடாமல் நிற்பது எவ்வளவோ மேல். அந்தச் சிவப்பு விளக்கு உங்களைக் காப்பாற்றுகிறது.

சடங்கு முடிந்ததும் பரிமாற்றம் மிக எளிது. வெளியீடுகளைச் சுமந்து ஒரு டெலிகிராம் போகும், உள்ளீடுகளைச் சுமந்து பதில் வரும். ஒரு திசைக்கு அதிகபட்சம் 244 பைட். நம் உதாரண வரிசையில் போவது 5 பைட், வருவது 6 பைட். இரண்டு டெலிகிராமுக்கும் தலா 9 பைட் உறை சேர்த்தால் 29 எழுத்துகள், ஒவ்வொன்றும் 11 பிட், ஆக 319 பிட். 1.5 மெகாபிட் வேகத்தில் இதற்கு ஏறக்குறைய 0.2 மில்லிசெகண்ட், நடுவில் வரும் இடைவெளிகள் தனி.

மாட்பஸ் டிசிபியில் இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. 502ஆம் போர்ட்டைத் திறந்து ரிஜிஸ்டர் 2 (ஒரு ரிஜிஸ்டர் என்றால் இரண்டு பைட்) வேண்டும் என்று கேட்டால், அங்கே என்ன இருக்கிறதோ அதைக் கொடுக்கும். அது லிமிட் சுவிட்சா வெப்பநிலையா என்பது அதற்குத் தெரியாது. அதனால் மாட்பஸ் கப்ளர் போட்ட இடத்தில் அந்தச் சோதனையை நீங்களே புரோகிராமில் எழுத வேண்டும். செருகியிருக்கும் மாட்யூல்களின் அடையாளத்தையும் அட்டவணையின் நீளத்தையும் படிக்கச் சில கப்ளர்களில் தனி ரிஜிஸ்டர்கள் உண்டு. தொடக்கத்தில் அவற்றைப் படித்து ஒப்பிட்டுவிட்டு, பொருந்தினால் மட்டும் வெளியீடுகளை இயக்குங்கள்.

மாட்பஸ்ஸில் ரிஜிஸ்டர் 0ல் எழுதுகிறேன், ரிஜிஸ்டர் 0ஐப் படித்தால் வேறு எண் வருகிறது. ஏன்?

எழுதும் 0 வெளியீட்டு அட்டவணையில், படிக்கும் 0 உள்ளீட்டு அட்டவணையில் இருக்கிறது. வேகோ 750 கப்ளர்களில் வெளியீட்டைத் திரும்பப் படிக்க 512ஆம் முகவரியிலிருந்து கேட்க வேண்டும். கையேட்டில் இது ஹெக்ஸில், அதாவது 16ஐ அடியாகக் கொண்ட எண்முறையில், 200 என்று இருக்கும். ஆக முதல் அனலாக் வெளியீட்டை 0ல் எழுதி 512ல் படிப்பீர்கள்.

ஆனால் 512ல் வருவது நீங்கள் கொடுத்த கட்டளை. வால்வு திறந்ததா என்பது அதில் தெரியாது. ஃபியூஸ் போயிருந்தாலும் அங்கே 1 தான் இருக்கும். வால்வு திறந்தது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் வால்விலேயே ஒரு சுவிட்ச் வைத்து, அதை உள்ளீடாகக் கொண்டுவர வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

அனலாக் மதிப்பு பைத்தியம் பிடித்த மாதிரி குதிக்கிறது. சென்சார் பழுதா?

சென்சாரைக் கழற்றுவதற்கு முன் பைட் வரிசையைப் பாருங்கள். 16 பிட் எண்ணில் பெரிய பைட் முதலில் வரலாம், சிறிய பைட்டும் முதலில் வரலாம். மாட்பஸ் பெரிய பைட்டை முதலில் அனுப்பும், சீமென்ஸ் பிஎல்சிகளும் அப்படியே. பல கணினி சார்ந்த கன்ட்ரோலர்கள் சிறியதை முதலில் வைக்கும். சில கப்ளர்களில் இதைத் தேர்ந்தெடுக்க ஒரு அமைப்பு இருக்கும்.

4 முதல் 20 மில்லி ஆம்பியரை 0 முதல் 32767 வரை காட்டும் மாட்யூலில் 12 மில்லி ஆம்பியர் என்றால் சரிபாதி, 16384. ஹெக்ஸில் 4000. பைட்டுகள் இடம் மாறினால் 0040, அதாவது 64. அதோடு முடியாது: சென்சாரில் ஒரே ஒரு படி மாறினாலும் பிஎல்சியில் 256 படி குதிக்கும். அழுத்தத்தை மெதுவாக ஏற்றும்போது எண் மேலே போய், திடீரென்று கீழே விழுந்து, மறுபடி ஏறும். ரம்பப் பல் மாதிரி இருக்கும் இந்த வடிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

32 பிட் எண்களில் இதற்கு மேல் ஒரு சிக்கல்: இரண்டு ரிஜிஸ்டர்களில் எது முதலில் என்பதும் மாறலாம். தெரிந்த ஒரு எண்ணை எழுதிப் படித்துப் பார்ப்பதுதான் வழி.

எண் சீராக ஏறுகிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் கூடுதலாகக் காட்டுகிறது.

அளவுகோல் வேறு. சீமென்ஸ் உலகில் 20 மில்லி ஆம்பியருக்கு 27648. வேறு பல நிறுவனங்களின் மாட்யூல்களில் 32767. இரண்டாவது வகை மாட்யூலை வைத்துக்கொண்டு சீமென்ஸ் ஸ்கேலிங் பிளாக்கை அப்படியே போட்டால் எல்லா மதிப்பும் 18.5 சதவீதம் கூடுதலாக வரும். 10 பார் என்பது 11.85 பாராகத் தெரியும்.

இதோடு சேர்த்து ஒன்று. 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மாட்யூலில் 4 மில்லி ஆம்பியரும் 0, கம்பி அறுந்தாலும் 0 என்று காட்டக்கூடியவை உண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் தொட்டி காலியா, கம்பி அறுந்ததா என்று சொல்ல முடியாது. அந்தத் தகவல் மாட்யூலின் ஸ்டேட்டஸ் பைட்டில் இருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஸ்டேட்டஸ் பைட்டை அட்டவணையிலிருந்து நீக்கிவிடாதீர்கள். சேர்க்கும்போது மட்டும் அட்டவணையின் நீளம் கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

சென்சார் மாறியதிலிருந்து வெளியீடு மாறும்வரை எவ்வளவு நேரம்?

பஸ் வேகத்தை மட்டும் பார்த்து "12 மெகாபிட், அதனால் உடனே" என்று சொல்பவர்கள் உண்டு. வழியில் இருக்கும் எல்லாப் படிகளையும் கூட்ட வேண்டும்.

உள்ளீட்டு மாட்யூலின் ஃபில்டர் 3 மில்லிசெகண்ட். பெக்காஃப் கேஎல்1002ல் இவ்வளவு, கேஎல்1012ல் 0.2 மட்டும். கப்ளரின் உள்சுற்று 1, ஃபீல்டுபஸ் சுற்று 5, பிஎல்சி சுற்று 10 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சுற்றுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. சென்சார் மாறிய கணத்தில் பேருந்து கிளம்பிப் போயிருந்தால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் மோசமான நிலையில் ஒவ்வொரு படியிலும் ஒரு சுற்று காத்திருப்பு, ஒரு சுற்று பயணம். போக: 3, 2, 10. பிஎல்சியில் 20. வர: 10, 2. மொத்தம் 47 மில்லிசெகண்ட். வெளியீட்டில் ரிலே இருந்தால் அதுவும் சேரும்.

நொடிக்கு அரை மீட்டர் ஓடும் கன்வேயரில் 47 மில்லிசெகண்டில் பொருள் 23 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதைவிடத் தொல்லை, இந்த நேரம் ஒவ்வொரு முறையும் மாறும் என்பது. நிலையான தாமதத்தைப் புரோகிராமில் கழித்துவிடலாம். ஆடும் தாமதத்தைக் கழிக்க முடியாது. லேபிள் ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் ஒட்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஈதர்காட்டின் ஒத்திசைந்த கடிகாரம் அல்லது நேரமுத்திரை தரும் உள்ளீட்டு டெர்மினல் மாதிரி ஏதாவது வேண்டும். பஸ் வேகத்தைக் கூட்டுவது மட்டும் போதாது.

சென்சார் சிமிட்டியது கண்ணுக்குத் தெரிகிறது, பிஎல்சி பார்க்கவே இல்லை.

4 மில்லிசெகண்ட் துடிப்பு, 10 மில்லிசெகண்ட் சுற்று. இரண்டு நகல்களுக்கு நடுவில் வந்து போய்விட்டது. கவுண்டர் மாட்யூல் போடுங்கள். துடிப்பை மாட்யூலே எண்ணும், பிஎல்சி எண்ணிக்கையின் வித்தியாசத்தைப் பார்த்தால் போதும். சென்சாரிலேயே துடிப்பை நீட்டிக்கும் வசதி இருந்தால் அதுவும் சரி.

ஆனால் 32 பிட் கவுண்டரைப் படிக்கும்போது இரண்டு பாதியும் ஒரே நேரத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். மாட்பஸ்ஸில் இரண்டு ரிஜிஸ்டரையும் ஒரே கேள்வியில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் கீழ்ப்பாதி 65535லிருந்து 0க்கு உருளும் கணத்தில் பெரிய தவறான எண் வரும், அதுவும் எப்போதோ ஒருமுறை. சீமென்ஸ் எஸ்7-300ல் புரொஃபிபஸ் வழியாக இணைபிரியாமல் வர வேண்டிய தரவுக்கு எஸ்எஃப்சி 14, 15 என்ற பிளாக்குகள் இருப்பது இதற்காகத்தான்.

கேன்ஓப்பன் கப்ளரில் டிஜிட்டல் வருகிறது, அனலாக் வரவே இல்லை.

கேன்ஓப்பனில் சுற்று முறை கட்டாயம் இல்லை. ஏதாவது மாறினால் மட்டும் செய்தி அனுப்பலாம். டிஜிட்டல் உள்ளீடு மாறினால் தானாக வரும். அனலாக் எண் எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு அசைவுக்கும் செய்தி போனால் பஸ் நிரம்பிவிடும். அதனால் ஐஓ மாட்யூல்களுக்கான சிஐஏ 401 வரையறை, மாற்றத்தைப் பார்த்து அனலாக்கை அனுப்புவதை ஆரம்பத்தில் அணைத்தே வைத்திருக்கிறது. ஹெக்ஸ் 6423 என்ற ஆப்ஜெக்ட்டில் 1 எழுதி இயக்க வேண்டும். எவ்வளவு மாறினால் அனுப்பலாம் என்ற வரம்பையும் கூடவே கொடுங்கள்.

கேபிள் அறுந்தால் வெளியீடுகள் என்ன ஆகும்?

நீங்கள் முன்கூட்டியே தீர்மானித்ததுதான் நடக்கும். தீர்மானிக்காவிட்டால் தயாரிப்பாளர் தீர்மானித்தது நடக்கும்.

கப்ளருக்குள் ஒரு வாட்ச்டாக் ஓடுகிறது. மாஸ்டரிடமிருந்து செய்தி வரும்போதெல்லாம் அது மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணும். செய்தி நின்று நேரம் முடிந்துவிட்டால் வெளியீடுகளைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோகும். புரொஃபினெட்டில் பொதுவாக மூன்று சுற்று தவறினால் இணைப்பு போனதாகக் கணக்கு. ஈதர்காட்டில் வழக்கமான தொடக்க மதிப்பு 100 மில்லிசெகண்ட். புரொஃபிபஸ்ஸில் மாஸ்டர் அனுப்பும் பாராமீட்டரில் வாட்ச்டாக்கை அணைக்க முடியும். அணைத்துவிட்டால், கேபிளைப் பிடுங்கிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தொல்லை தருகிறது என்று வாட்ச்டாக்கை யாராவது அணைக்கச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். மாட்பஸ் கப்ளர்களில் இதை நாம்தான் அமைக்க வேண்டும். வேகோ 750ல் 4096ஆம் ரிஜிஸ்டரில், 100 மில்லிசெகண்ட் அலகில் நேரத்தை எழுத வேண்டும்.

பாதுகாப்பு நிலை என்றால் எல்லாம் 0 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கன்வேயருக்கு 0 சரி. உலைக்குக் குளிர்நீர் விடும் வால்வுக்கு 0 என்றால் நீர் நின்றுவிடும். சீமென்ஸ் ஈடி 200எஸ்பி போன்றவற்றில் அணைத்துவிடு, கடைசி நிலையை வைத்திரு, 1 கொடு என்று தேர்ந்தெடுக்கலாம். இந்தத் தேர்வை மின்சாரக்காரர் மட்டும் செய்யக்கூடாது. அந்த இயந்திரத்தை ஓட்டும் ஆளை உட்கார வைத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் "இது திடீரென்று நின்றால் என்ன ஆகும் அண்ணே?" என்று கேளுங்கள். கையேட்டில் இல்லாத விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும்.

அவசர நிறுத்தத்தைச் சாதாரண வெளியீட்டு பிட் வழியாகக் கொண்டுபோகவே கூடாது. அதற்கு நேரடிக் கம்பியும் சேஃப்டி ரிலேயும் வேண்டும். இல்லையென்றால் புரொஃபிசேஃப் போன்ற சான்று பெற்ற முறைகள் வேண்டும்.

பஸ் நன்றாக இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் எல்லா உள்ளீடும் 0.

கப்ளரின் எலக்ட்ரானிக்ஸுக்கு ஒரு 24 வோல்ட், சென்சார்களுக்கும் வால்வுகளுக்கும் போகும் பவர் காண்டாக்ட்டுகளுக்கு இன்னொரு 24 வோல்ட். இரண்டாவது போனாலும் முதலாவது இருக்கிறவரை கப்ளர் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கும். உள்ளீட்டு அட்டவணையில் 0 இருக்கும், அதுவும் செல்லுபடியான 0 என்ற தோற்றத்தில். "கதவு மூடவில்லை" என்பதும் "மின்சாரம் இல்லை" என்பதும் ஒரே 0.

ஒரு டிஜிட்டல் உள்ளீட்டை ஒதுக்கி, அந்த ஃபீல்டு 24 வோல்ட்டையே அதில் கட்டிவிடுங்கள். அந்த பிட் 0 ஆனால் அந்தப் பிரிவின் எதையும் நம்பாதே என்று புரோகிராமில் ஒரு வரி. ஒரு சேனல் செலவில் பல மணி நேரத் தேடல் மிச்சமாகும்.

எல்லா வெளியீடும் 0 என்றால் பிஎல்சி ஸ்டாப் நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். புரொஃபிபஸ் மாஸ்டர் அப்போதும் பேசிக்கொண்டிருக்கும், ஆனால் வெளியீட்டை அழித்துவிடச் சொல்லும். எண்ட் மாட்யூலை மறந்திருந்தால் கதை வேறு: உள் பஸ் ஓடவே ஓடாது, கப்ளரின் ஐஓ விளக்கு குறியீடாகச் சிமிட்டும். எத்தனை முறை என்று எண்ணி, கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

பிஎல்சியும் ஸ்காடாவும் (ஆலையைக் கண்காணிக்கும் திரைக் கணினி) ஒரே மாட்பஸ் கப்ளரில் எழுதலாமா?

கப்ளர் அனுமதிக்கும். நான் அனுமதிக்க மாட்டேன். இருவரும் ஒரே ரிஜிஸ்டரைப் படித்து, ஒரு பிட்டை மாற்றித் திரும்ப எழுதினால், கடைசியில் எழுதியவர் மற்றவரின் பிட்டை அழித்துவிடுவார். ஸ்காடா படிக்கட்டும், எழுத வேண்டியதை பிஎல்சியிடம் சொல்லட்டும், பிஎல்சி மட்டும் எழுதட்டும்.

புதிய கப்ளரை இயக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

முதலில் அட்டவணையைத் தாளில் எழுதி, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுவேன். பிறகு இரண்டு பேர்: ஒருவர் பேனலில், ஒருவர் லேப்டாப்பில். ஒவ்வொரு சென்சாரையும் கையால் இயக்கி, அந்த பிட்டும் அது மட்டுமே மாறுகிறதா என்று பார்ப்போம். அனலாக்கில் 4, 12, 20 மில்லி ஆம்பியர் என்று மூன்று புள்ளிகள். 12ஐ விட்டுவிடக் கூடாது. 4ல் எண் 0 என்பதால் அங்கே மறைந்திருக்கும் பைட் மாற்றம் 12ல் தெளிவாக மாட்டும்.

அப்புறம் ஃபீல்டு 24 வோல்ட்டை மட்டும் அணைத்துப் பார்ப்பேன். கடைசியாக, இயந்திரத்தைச் சுற்றி ஆள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளியீடுகள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பஸ் கேபிளைப் பிடுங்கி, ஒவ்வொரு வால்வும் எங்கே போய் நிற்கிறது என்று ஆபரேட்டரையே பார்த்துச் சொல்லச் சொல்வேன். அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து.